நூறு காட்டும் மிதி

மூன்றாவது ரப்பரும் சரிப்படவில்லை. ஜாய்சன் மேசைக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்து, பிரேக் மிதியின் பின்னால் இருந்த போல்ட்டைக் கழற்றி அதை வெளியே உருவினான். பைக்கின் சைலன்ஸரைத் தாங்கிப் பிடிக்கும் கறுப்பு ரப்பர் புஷ். முந்தின நாள் கூடுவாஞ்சேரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கியது. எந்த வண்டிக்கு என்று கடைக்காரர் கேட்டபோது, "வண்டிக்கு இல்லண்ணா, வீட்ல கேம் விளையாடறதுக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டான். அவர் உள்ளே திரும்பி, "கேட்டியா, சைலன்ஸர் புஷ் வச்சு வெளையாடப் போறாராம்" என்றார். உள்ளேயிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் அவனும் சிரித்து வைத்தான்.

படுத்திருந்த இடத்திலிருந்து அப்பாவின் கால்கள் மட்டும் தெரிந்தன. இடது காலில் ரப்பர் செருப்பு. வலது கால் வெறுமனே தரையில் கிடந்தது. கிடந்தது என்றுதான் சொல்லவேண்டும். இடது கால் எந்த நேரமும் ஏதாவது செய்துகொண்டிருந்தது. செருப்பை உதறும், மாட்டும், தரையில் தாளம் போடும். வலது கால், யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனதைப் போல, வைத்த இடத்திலேயே இருந்தது. கணுக்காலுக்கு மேல் சதை வற்றி, தோல் பளபளவென்றிருந்தது.

"ஆச்சாடா?"

"ஒரு நிமிஷம்ப்பா."

"ரொம்ப லொடலொடன்னு பண்ணிடாத. கார்ல என்ன இருக்குமோ அது மாதிரி இருக்கணும்."

கணினியில் கார் ஓட்டும் விளையாட்டுக்கான அந்த ஸ்டியரிங்கையும் மிதிகளையும், படிப்பை முடித்துவிட்டு ஊருக்குப் போன காட்டாங்குளத்தூர் கல்லூரி மாணவன் ஒருவனிடமிருந்து ஜாய்சன் வாங்கியிருந்தான். வாங்கியபோது பிரேக் மிதிக்குள் ஒரு சுருள்வில் இருந்தது. கால் எவ்வளவு தூரம் கீழே போகிறது என்பதைத்தான் அது அளந்தது. கார் ஓட்டிப் பழகிய காலுக்கு அது பொய்யாகப்பட்டது. உண்மையான பிரேக்கில் தூரம் கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அழுத்தம். தொடைக்கு நினைவிருப்பது எவ்வளவு ஆழம் மிதித்தோம் என்பதல்ல, எவ்வளவு பலமாக மிதித்தோம் என்பதுதான். எனவே வில்லைத் தூக்கிப் போட்டான். எடை பார்க்கும் இயந்திரங்களில் இருக்கும் லோட் செல் ஒன்றை, விரலளவு அலுமினியக் கட்டை அது, ரிச்சி தெருவில் தேடி வாங்கினான். முடிச்சூர் சாலை லேத் பட்டறையில் அதற்கு ஒரு தகடு வெட்டிக்கொண்டான். லோட் செல்லுக்கும் மிதிக்கும் நடுவில் ரப்பர். கணினித் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை. நாற்பது கிலோ அழுத்தினால் பட்டை மேலே முட்டி நூறு என்று காட்டும்.

இரவெல்லாம் காதில் மாட்டிய கருவியோடு, பார்த்தேயிராத ஊர்களில் இருப்பவர்களின் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வேலை அவனுடையது. காலையில் அதை முடித்துவிட்டுத் தூக்கம் வராமல் ஓட்டுவான். வளைவுக்கு முன்னால் காலை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளும் விளிம்பில் நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விடுவான். அன்றாடத்தில் அவன் கொடுப்பதற்குச் சரியாக அதே அளவு திரும்பி வருவது அங்கே மட்டும்தான் என்று தோன்றும். அதை யாரிடமும் சொன்னதில்லை. முப்பத்தேழு வயதில் சொல்லக்கூடிய விஷயமாகவும் அது இல்லை.

அப்பா தனசிங் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஒரு காலை, சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தார். பக்கவாதம். பேச்சு வாரத்தில் திரும்பியது, கை மாதத்தில். கால் மட்டும் பாதி வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த ஜென்சி, ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி இழுக்கச் சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எவ்வளவு பண்ணேன்னு எதுல பாக்குறது?" என்று கேட்டார். எண் இல்லாத வேலையில் அவருக்கு நம்பிக்கையில்லை. அப்படித்தான் ஒருநாள் ஜாய்சன் அவரை இந்த நாற்காலியில் உட்கார வைத்தான்.

அன்று அவர் மிதித்தார். பட்டை பதினைந்துக்குப் போய் நடுங்கி இறங்கியது. மறுபடி மிதித்தார். பதினெட்டு. அவர் திரையைப் பார்க்கவில்லை. மகனின் முகத்தைப் பார்த்தார். வகுப்பில் விடைத்தாளை வாங்க வரும் பையனின் பார்வை அது என்று ஜாய்சனுக்குத் தோன்றியது. அன்று மதியம் அவர் தூங்கும்போது, 'முழு அழுத்தம்' என்ற கட்டத்தில் நாற்பதை அழித்து இருபத்தைந்து என்று போட்டான். தப்பு ஒன்றுமில்லை, எல்லோரும் அவரவர் காலுக்கு ஏற்றபடி வைத்துக்கொள்வதுதான். சில வாரங்களில் அவர் நாற்பதிலேயே முட்டி நின்று, சாப்பாட்டில் அக்கறை இல்லாமல் போனபோது, பன்னிரண்டு என்று போட்டான். அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

இப்போது நான்காவது ரப்பரை மாட்டிவிட்டு மேசைக்கடியிலிருந்து வெளியே வந்தான். "மிதிங்க."

அப்பா இரண்டு கைகளாலும் வலது தொடையைத் தூக்கி, பாதத்தை மிதியின் மேல் வைத்தார். நாற்காலியின் கைகளைப் பற்றிக்கொண்டு அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. பட்டை ஏறியது. எழுபது, எண்பத்தைந்து, நூறு. நூறிலேயே நின்றது.

"ரத்தினம்," என்று சமையலறைப் பக்கம் கூப்பிட்டார். "இங்க வா. வந்து பாரு."

அம்மா ரத்தினபாய் மாவுக் கையோடு வந்து பார்த்தாள். சிவப்பாக என்னவோ தெரிந்தது அவளுக்கு. ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்து, "ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் உடனே போனை எடுத்து அசரியாவைக் கூப்பிட்டார். அசரியா இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஞாயிறு ஆராதனைக்கு அப்பாவின் காரில் முன் சீட்டில் உட்கார்ந்து போய் வந்தவர். அப்பா விழுந்தபிறகு எல்லோரும் ஆட்டோவில் போனார்கள். ஆட்டோவில் அப்பாவை ஏற்ற ஒருவர் உள்ளிருந்து இழுக்கவேண்டும், ஒருவர் வெளியிலிருந்து தள்ளவேண்டும். கோயில் வாசலில் இறக்கும்போது பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"வர ஞாயித்துக்கெழம ரெடியா இரும்யா. நம்ம வண்டியிலதான்."

ஸ்பீக்கரில் அசரியாவின் குரல் கரகரத்தது. "யாரு ஓட்றது?"

"நான்தான்."

"அப்ப நான் டிக்கெட் குடுக்கலாமா? மெய்யாலுமா வாத்தியாரே? காலு இன்னா சொல்லுது?"

"நூத்துக்கு நூறு சொல்லுது."

ஜாய்சன் கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அதில் அழுக்கு எதுவும் இல்லை.

இரவு வேலை தொடங்குவதற்கு முன் மனைவி ஜோசலின் தட்டுகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "அவர்கிட்ட எப்ப சொல்லப் போற?"

"என்னத்த?"

"ஜாய், நடிக்காத. உங்கப்பாவுக்கு கால் சரியாகல. உன் சாஃப்ட்வேர்ல சரியாயிருக்கு. அவ்வளவுதான்."

"சாதாரணமா ஓட்டறதுக்கு அவ்வளவெல்லாம் தேவையில்ல ஜோ. நிஜ கார்ல என்ஜினே பாதி வேலைய பாத்துக்கும். அஞ்சாறு கிலோ அழுத்தினா வண்டி நிக்கும்."

"யாராவது குறுக்க வந்தா?"

அவன் கடைசித் தட்டை அவளிடம் நீட்டினான். அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் எப்போதும் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொள்வாள். மீதியை அவன் தனியாகப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

மறுநாள் வேலை முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் போனான். பெட்ரோல் போட என்று வீட்டில் சொல்லியிருந்தான். வண்டலூர் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ, கை காட்டிய பெண்ணுக்காக, நடு ரோட்டிலேயே நின்றது. ஜாய்சனின் கால் போய் அழுத்திவிட்டது. கார் முன்பக்கம் குனிந்து நின்றது. பின்னாலிருந்த லாரியின் ஹாரன் முதுகில் விழுந்தது. அது எத்தனை கிலோ? இருபதா, முப்பதா? கால் எப்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து எழுந்தது, எப்போது பக்கவாட்டில் நகர்ந்தது, எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. கால் தானாகச் செய்துவிட்டு, செய்ததைச் சொல்லாமல் இருந்தது. அப்பா தன் காலைக் கைகளால் தூக்கி வைக்கவேண்டும். அவ்வளவு யோசித்த பிறகும், திரும்பி வரும் வழியெல்லாம், அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. 'அப்பா, அந்த நூறு நூறில்லை.' அதற்குப் பிறகு அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளுவதுவரை தெளிவாகத் தெரிந்தது.

வியாழக்கிழமை அது தானாக நடந்தது. ஜாய்சன் வேலையை முடித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டலாம் என்று கணினியை இயக்கிவிட்டு, காப்பிக்காக எழுந்தான். அப்பா ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரப் பெண் வராததால் அம்மா குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டே மேசைக்கடியில் போனாள். முட்டி வலிக்காரி. எழுந்திருக்க எதையாவது பிடிக்கவேண்டும் அவளுக்கு. எப்போதும் கட்டில் காலையோ கதவு நிலையையோ பிடிப்பாள். அன்று கைக்குக் கிடைத்தது பிரேக் மிதி. அதில் ஒரு கையை ஊன்றி, "ஏசுவே" என்று எழுந்தாள்.

திரையில் சிவப்புப் பட்டை ஒரே தாவலில் மேலே போய் முட்டியது.

"ஐயோ, என்னங்க இது, செவப்பா முழுசா ஏறிடுச்சு! எதையாவது ஒடச்சிட்டேனா?"

அப்பா செய்தித்தாளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். மிதியைப் பார்த்தார். அம்மாவின் மெலிந்த மணிக்கட்டைப் பார்த்தார். சமையலறை வாசலில் டம்ளரோடு நின்ற மகனை மட்டும் பார்க்கவில்லை.

"ஒண்ணும் ஒடயல. நீ போய்த் தொட."

செய்தித்தாளை மடக்கி மறுபக்கம் திருப்பினார். வெகுநேரம் அந்தப் பக்கத்திலேயே இருந்தார். அது முழுப்பக்க வீட்டுமனை விளம்பரம்.

சாயந்திரம் வழக்கம்போல நாற்காலிக்கு வந்தார். காலைத் தூக்கி வைத்தார். அழுத்தினார். "நூறு" என்றார். வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடுவதுபோன்ற குரல். மறுபடி அழுத்தி, மறுபடி "நூறு" என்றார். வெள்ளியும் அப்படியே. சனியும் அப்படியே. ஜாய்சன் ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நின்றான். அவர் எதுவும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைக் கைவிடவும் இல்லை. வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னார். கார் கண்ணாடியைத் துடைத்து வைக்கச் சொன்னார். ஒரே வீட்டில் இருவரும், நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்களைப்போல, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் நடந்தார்கள்.

ஞாயிறு காலை. இரவு முழுவதும் வேலை பார்த்த கண்களோடு ஜாய்சன் அப்பாவை லிஃப்ட்டில் கீழே கூட்டி வந்தான். அடுக்ககத்தின் கேட்டுக்கு வெளியே அசரியா குடையும் பைபிளுமாக நின்றிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். வண்டி வெளியே வரட்டும், அங்கே ஏறிக்கொள்கிறோம் என்றாள். தூண்களுக்கு நடுவே கார் நிற்கும் இடத்தில் ராத்திரியின் ஈரம் இன்னும் இருந்தது. தண்டவாளப் பக்கமிருந்து செங்கல்பட்டு வண்டியின் சத்தம் வந்து போயிற்று.

அப்பா ஓட்டுநர் கதவைத் திறந்து முதலில் இடுப்பை உள்ளே வைத்தார். இடது கால் தானாகப் போனது. வலது காலை முழங்காலுக்கடியில் பிடித்துத் தூக்கி, கதவின் விளிம்பைத் தாண்டி உள்ளே வைக்க இரண்டு முறை முயலவேண்டியிருந்தது. ஜாய்சன் உதவிக்குக் குனிந்தான். "விடு" என்றார். உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் உள்ளங்கையை நீட்டினார்.

"சாவி."

ஜாய்சனின் கை சட்டைப்பையில் இருந்தது. வெளியே வரவில்லை.

"அப்பா, ஒரு விஷயம்..."

"கிரேஸ் மார்க் எவ்ளோடா போட்ட?"

ஜாய்சன் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"ஒங்கம்மா எந்திரிக்கறதுக்குக் கைய ஊன்றா. நூறு. முட்டிய மடக்க முடியாதவ நூறு எடுக்குறான்னா, ஒண்ணு இனிமே அவதான் வண்டி ஓட்டணும், இல்ல கொஸ்டின் பேப்பர் வெளிய போயிருக்கணும்." அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இருந்த தூசியை விரலால் எடுத்தார். "நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். மொத்த மார்க் எவ்ளோ?"

"நாப்பது. நாப்பது கிலோப்பா."

"எனக்கு?"

"பன்னெண்டு வச்சேன்."

பன்னிரண்டை நாற்பதால் வகுக்க அவருக்கு நேரம் தேவையில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார். "முப்பது பர்சன்ட்" என்றார். "ஃபெயிலு."

"அது அப்ப வச்சதுப்பா. இப்ப எவ்ளோன்னு எனக்குத் தெரியாது."

"ஏன் தெரியாது? மிஷின் காட்டுதுல்ல?"

"பன்னெண்டத் தாண்டி எவ்ளோ அழுத்தினாலும் அது நூறுன்னுதான் காட்டும். அதுக்கு மேல பாக்காது."

 அப்பா முன்கண்ணாடி வழியே எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் பார்க்கிங் எண் வெளிறியிருந்தது.

"அப்ப ஏறியும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"இத்தன நாள் ஒக்காந்து எழுதியிருக்கேன். நீ பேப்பரே திருத்தலியேடா."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருக்கும். ஏமாற்றப்பட்டதுகூட அவருக்குப் பெரிதாகப்படவில்லை போலிருந்தது. அந்த மாலைகள், கழுத்து நரம்பு புடைத்த அந்த அழுத்தங்கள், எங்கேயும் பதியாமல் போனதுதான் பெரிதாக இருந்தது. ஜாய்சனுக்குத் தூக்கமின்மையில் கண் எரிந்தது. தான் மறைத்தது அப்பாவின் பலவீனத்தை மட்டும் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவேளை அவருடைய பலத்தையும் சேர்த்து மறைத்திருக்கலாம் என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது.

"மேல வாங்கப்பா. நாப்பது போட்டுப் பாத்துடலாம். ரெண்டே நிமிஷம்."

"வேணாம். அந்த ஸ்கிரீன் மூஞ்சியில இனிமே முழிக்க மாட்டேன்." அப்பா சீட்டைப் பின்னுக்குத் தள்ளினார். "கைய வை."

"எங்கப்பா?"

"பிரேக் மேலடா. ஒன் கைய வை. நீ சொல்லு, எவ்ளோன்னு. கூட்டிச் சொல்லாத, கொறச்சும் சொல்லாத. நீ என்ன சொல்றியோ அதான். அதுக்கேத்த மாதிரி சாவி ஒங்கிட்டயே இருக்கட்டும், இல்ல எங்கிட்ட குடு."

கேட்டிலிருந்து அசரியா குரல் கொடுத்தார். "இன்னா வாத்தியாரே, பெல் அடிச்சிருவாங்க! ரைட்டா, ஹோல்டானா?"

 ஜாய்சன் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டான். கதவுக்கும் சீட்டுக்கும் நடுவே தோளை நுழைத்து, தலையை ஸ்டியரிங்குக்குக் கீழே கொண்டுபோனான். உள்ளே பழைய மிதியடியின் வாசனை. பிரேக்கின் ரப்பர் உறையில் வரிகள் தேய்ந்து நடுவில் வழவழப்பாகியிருந்தது. அதன்மேல் புறங்கை படும்படி, உள்ளங்கையை மேலே விரித்து வைத்தான். நாற்பது கிலோ என்னவென்று அவன் காலுக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, தொடையைத் தூக்கி, பாதத்தை அவன் கையில் வைத்தார். பாதம் சில்லென்றிருந்தது. குளித்த ஈரம் விரலிடுக்கில் இன்னும் காயவில்லை. பெருவிரல் அவன் மணிக்கட்டைத் தேடித் தொட்டு நின்றது.

"வச்சிருக்கியா?"

"ம்."

அவர் அழுத்தினார். ஜாய்சனின் விரல்கணுக்கள் ரப்பர் வரிகளில் பதிந்தன. என்ஜின் ஓடாத வண்டியில் மிதி கொஞ்சம் அமுங்கி, பிறகு கல்லாகிவிட்டது. மேலே அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது. சீட்டின் தோல் முனகியது.

"சொல்லு."

அவன் கண்களை மூடிக்கொண்டான். அப்பாவின் தொடையில் தொடங்கிய நடுக்கம் முழங்காலையும் கணுக்காலையும் கடந்து அவன் கைக்கு இறங்கி வந்தது. அந்த நடுக்கத்துக்கும் மேலாகக் கனம் மெல்ல, மிக மெல்ல, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.